கவிஞர்களுக்கு ஒரே ஒரு பத்திதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல ஐரோப்பிய மறுமலர்ச்சி பத்தி ரெண்டு பக்கத்துக்குக் கட்டுரை போட்டிருந்தீங்க, கலர் படமெல்லாம் நல்லா வந்திருந்தது, அதுக்கு முதல்லயே நன்றி சொல்லிடறேன், ஏன்னா இதுக்கப்புறம் சொல்லப் போறது பூரா குறைதான். டாவின்சிக்கு அரைப் பக்கம், மைக்கேலாஞ்சலோவுக்கு அரைப் பக்கம், ஃப்ளாரன்ஸ் கதீட்ரல் கூரைக்கு ஒரு பெட்டிச் செய்தி, கவிஞர்களுக்கு மட்டும் கடைசியில ஒட்டு போட்ட மாதிரி ஒரே ஒரு பத்தி. சரி, இடம் இல்லைன்னு வெச்சுக்கலாம். ஆனா அந்த ஒரு பத்தியிலயும் "மறுமலர்ச்சிக் கவிஞர்கள் பழைய கட்டுகளை உடைத்து மனதில் பட்டதை மனம்போல் எழுதினார்கள்"னு ஒரு போடு போட்டிருக்கீங்க, அதுக்குக் கீழ 'உன் இதயத்தைப் பார்த்து எழுது'ன்னு இங்கிலீஷ் கவிஞர் சிட்னியோட வரி கொட்டை எழுத்துல. எனக்கு அங்கதான் சங்கடம்.

நான் இலக்கியப் பேராசிரியர் எல்லாம் இல்ல, லைப்ரரியில கிடைச்ச இங்கிலீஷ் மொழிபெயர்ப்புகளை வெச்சு பல வருஷமா இந்தக் கவிஞர்களைப் படிச்சுட்டு வர்ற ஆள், அவ்வளவுதான்.

அந்த சிட்னி வரியில இருந்தே ஆரம்பிச்சுடறேன். ஆஸ்ட்ரோஃபில் அண்ட் ஸ்டெல்லாங்கற தொகுப்புல முதல் பாட்டு, அதுல பதினாலாவது வரி அது, அதாவது கடைசி வரி. அதுக்கு முன்னாடி பதிமூணு வரி இருக்கில்ல, அதுல அவர் என்ன சொல்றாருன்னா, காதலிக்கு எழுதணும், எப்படின்னு தெரியல, மத்தவங்க எழுதினதையெல்லாம் பக்கம் பக்கமா புரட்டிட்டேன், வெயில்ல காஞ்சு கெடக்கற என் மூளைக்கு அதுல இருந்து ரெண்டு தூறலாவது விழாதான்னு பாத்தேன், ஒண்ணும் நடக்கல, இறகுப் பேனாவைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், அப்பதான் கவிதைத் தேவதை வந்து 'முட்டாளே, இதயத்தைப் பாரு'ங்கறா. படிக்க உருக்கமாத்தான் இருக்கு. ஆனா அசையை எண்ணிப் பாருங்க, இங்கிலீஷ் சானட்டுக்கு, அதாவது இந்தப் பதினாலு வரிப் பாட்டுக்கு, வழக்கமா வரிக்குப் பத்து அசை, இதுல பன்னெண்டு பன்னெண்டா வெச்சிருக்கார், எதுகை பிசகாம. யோசிக்காம எழுதுன்னு சொல்ற பாட்டை எவ்வளவு யோசிச்சு எழுதியிருக்காருன்னு பாத்துக்குங்க! அந்த ஆஸ்ட்ரோஃபில்ங்கறவனே ஒரு வேஷம், நட்சத்திரத்தை நேசிக்கறவன்னு அர்த்தம், ஸ்டெல்லான்னா நட்சத்திரம். ஸ்டெல்லாவா அவர் நினைச்சது பெனலபி டெவரோங்கற பொண்ணைன்னு சொல்றாங்க, அந்தப் பொண்ணு 1581ல ரிச் பிரபுவைக் கட்டிக்கிட்டா, உடனே நம்ம ஆளு ரிச்ங்கற பேரை வெச்சு 'பணக்கார'ன்னு சிலேடை பண்ணி ஒரு பாட்டு எழுதறார். மனசு உடைஞ்சவன் சிலேடை பண்ணுவானான்னு கேக்காதீங்க, அந்தக் காலத்துல அப்படித்தான் உடைஞ்சாங்க. மொத்தம் 108 சானட், நடுநடுவுல 11 பாட்டு. அவர் உயிரோட இருந்தப்ப ஒண்ணுகூட அச்சாகல. 1586ல நெதர்லாந்துல ஸுட்ஃபென் சண்டையில அடிபட்டு, 31 வயசுல செத்துப் போனார், புத்தகம் வந்தது 1591ல.

அச்சுல வரலைங்கறது ஏதோ துரதிர்ஷ்டம்னு நினைச்சுடாதீங்க. இங்கிலாந்துல பெரிய இடத்து ஆளுங்க கவிதையைக் கடை புத்தகமா போட மாட்டாங்க, அது மரியாதைக் குறைச்சல். கையால எழுதி நண்பர்களுக்குள்ள சுத்த விடுவாங்க, அவங்க அதைப் பாத்து இன்னொரு பிரதி எடுப்பாங்க, எடுக்கறப்ப ஒரு வார்த்தையை மாத்துவாங்க, அப்படியே போகும், இப்ப நாம ஃபார்வர்ட் பண்றோமே அந்த மாதிரின்னு வெச்சுக்குங்க.

இப்ப பழைய கட்டை உடைச்சாங்கன்னு சொன்னதுக்கு வர்றேன். உடைக்கவே இல்ல சார், கட்டைத் தேடிப் போய் மாட்டிக்கிட்டாங்க. சானட்டுங்கறது 14 வரி, முதல் எட்டு வரியில ஒரு விஷயத்தைச் சொல்லணும், ஒன்பதாவது வரியில பேச்சு திரும்பணும், எதுகை இன்ன இன்ன இடத்துல விழணும். நம்ம வெண்பா கடைசி அடி முச்சீர்ல வந்து நிக்கறப்ப ஒரு பிடி கிடைக்குமே, அந்த மாதிரி ஒரு சுகம் அதுக்குள்ள இருக்கு. இதைக் கண்டுபிடிச்சது மறுமலர்ச்சி ஆளே இல்ல, 13ஆம் நூற்றாண்டுல சிசிலியில ரெண்டாம் ஃப்ரெடரிக் அரசவையில இருந்த ஜாகோமோ டா லென்டினி, அவருக்குத் தொழில் நோட்டரி, பத்திரம் எழுதறவர். வாசகம் இத்தனை வரிக்குள்ள முடியணும்னு பழக்கப்பட்ட கைன்னு நானா நினைச்சுக்குவேன்.

அதை எடுத்து ஊரெல்லாம் பரப்பினது 14ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க். இவருக்கு உங்க கட்டுரையில பாதி வாக்கியம். அநியாயம் சார், ஏன்னா மறுமலர்ச்சின்னு நாம சொல்ற சமாசாரத்துக்கு விதை போட்டதே இந்த மனுஷன்தான், ஓவியர்கள் எல்லாம் அப்புறம். பழைய ரோமானியக் கையெழுத்துப் பிரதிகளைத் தேடி மடம் மடமா அலைஞ்சவர், 1345ல வெரோனாவுல பழைய ரோமானியப் பேச்சாளர் சிசரோ தன் நண்பருக்கு எழுதின கடிதங்களைக் கண்டுபிடிச்சு, அதைப் படிச்சுட்டு செத்து ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல ஆன சிசரோவுக்கே பதில் கடிதம் எழுதினவர், அதுவும் கோவமா, நீ இப்படி அரசியல்ல போய் விழுவேன்னு நான் நினைக்கவே இல்லையேன்னு. 1341ல ரோம்ல கேபிடல் குன்று மேல அவருக்குக் கவிஞர் மகுடம் சூட்டினாங்க. தானா வந்த மகுடம்னு நினைக்காதீங்க, அதுக்குப் பல பக்கம் ஆள் வெச்சு காய் நகர்த்தியிருக்கார். ஒரே நாள்ல பாரீஸ்ல இருந்தும் ரோம்ல இருந்தும் அழைப்பு வந்ததுன்னு அவரே எழுதி வெச்சிருக்கார், நம்பறவங்க நம்பலாம்.

அந்த மகுடமும் எதுக்குன்னா, நாம இன்னைக்குப் படிக்கற காதல் பாட்டுக்கு இல்ல, ஆஃப்ரிக்கான்னு லத்தீன்ல ஒரு காவியம் எழுதிட்டு இருந்தார், ஸிப்பியோங்கற ரோமானியத் தளபதி பத்தி, பாதியில நின்னு போச்சு, இப்ப ஆராய்ச்சி பண்றவங்க தவிர யாரும் தொடறதில்ல. தாய்மொழியில, இத்தாலியன்ல லாராங்கற காதலி பத்தி எழுதின பாட்டுகளை அவர் அற்ப விஷயம், சிதறின துணுக்குன்னு சொல்லிக்கிட்டார். ஆனா சாகற வரைக்கும் அந்தத் துணுக்கைத்தான் எடுத்து எடுத்துத் திருத்திக்கிட்டு இருந்தார்!

மொத்தம் 366 பாட்டு, அதுல 317 சானட். 1327 ஏப்ரல் 6ஆம் தேதி அவிஞான்ல ஒரு சர்ச்சுல லாராவைப் பாத்தேங்கறார், 1348 ஏப்ரல் 6ஆம் தேதி பிளேக்ல அவ செத்துப் போனாங்கறார், அதே நாள், அதே காலை நேரம். அதோட விட்டாரா, பாத்த அன்னைக்குப் புனித வெள்ளின்னு மூணாவது சானட்டுல வருது, உலகமே துக்கத்துல இருக்கறப்ப என்னை மட்டும் மன்மதன் அடிச்சுட்டான்னு. காலண்டரை எடுத்துப் பாத்தா அந்த வருஷம் புனித வெள்ளி ஏப்ரல் 10, ஆறாம் தேதி திங்கக்கிழமை. ஆக, லாரா நிஜமோ கற்பனையோ, தேதியைப் பாட்டுக்குத் தகுந்த மாதிரி நகர்த்தி வெச்சிருக்கார் மனுஷன். மனசுல பட்டதையெல்லாம் அப்படியே எழுதற ஆளுக்கு இந்த வேலை தேவையில்ல.

1501ல வெனிஸ்ல ஆல்டஸ் மனூஷியஸ் இதைக் கைக்கு அடக்கமான சின்ன புத்தகமா, சாய்ஞ்ச எழுத்துல அச்சடிச்சு விட்டார், அப்புறம் ஐரோப்பா பூரா ஒரே காய்ச்சல். தங்க முடி, பவள உதடு, ஐஸ்ல எரியறேன் நெருப்புல உறையறேன், நூறு வருஷத்துக்கும் மேல இதே பாட்டு. ஸ்பெயின்காரங்க எடுத்தாங்க, ஃபிரெஞ்சுக்காரங்க எடுத்தாங்க, இங்கிலாந்து வந்து சேந்தப்ப சரக்கு ரொம்பப் பழசாயிடுச்சு. அதான் ஷேக்ஸ்பியர் என் காதலியோட கண்ணு ஒண்ணும் சூரியன் மாதிரி இல்ல, முடி கருப்புக் கம்பி, வாய் அப்படி ஒண்ணும் மணக்காதுன்னு எழுதறார், படிச்சவங்களுக்கு அவர் யாரைக் கிண்டல் பண்றார்னு உடனே புரிஞ்சிருக்கும். தாய்மொழிக்காகக் கொடி பிடிச்ச ஃபிரெஞ்சுக் கவிஞர் து பெல்லே கதையும் இதேதான், லத்தீனை விடுங்க, நம்ம ஃபிரெஞ்சும் எந்த மொழிக்கும் சளைச்சதில்லைன்னு 1549ல ஒரு நூலே போட்டார், அந்த வாதத்துல பெரும் பங்கு ஸ்பெரோனிங்கற இத்தாலியர் எழுதினதுல இருந்து எடுத்தது. எனக்கு இதை நினைச்சா இன்னைக்கும் சிரிப்பு வரும்.

அப்ப எல்லாமே காப்பியா, அதுல என்ன பெருமைன்னு கேப்பீங்க. தாமஸ் வயட் எழுதின மான் பாட்டைப் படிங்க, அது போதும்.

பெட்ரார்க்கோட 190ஆவது பாட்டுல ஒரு வெள்ளை மான் வரும், கனவு மாதிரி, பச்சைப் புல்லு, ரெண்டு ஆறு, தங்கக் கொம்பு, கழுத்துல வைரமும் புஷ்பராகமும் வெச்சு 'என்னை யாரும் தொட வேண்டாம், சீசர் என்னைச் சுதந்திரமா விட்டிருக்கார்'னு எழுதியிருக்கும். அங்க சீசர்னா கடவுள்னு வெச்சுக்கலாம். பாத்துட்டே இருக்கறப்ப கால் இடறித் தண்ணியில விழறார், மான் மறைஞ்சுடுது, முடிஞ்சது. வயட் எட்டாம் ஹென்றியோட அரசவை ஆளு, 1527ல தூது வேலையா இத்தாலி போயிட்டு வந்தவர், இங்கிலீஷ்ல சானட்டைக் கொண்டு வந்ததே அவர்தான். அவர் கையில அந்த மான் என்ன ஆகுதுன்னா, கனவெல்லாம் போச்சு, வேட்டை நடக்குது, ஒருத்தரா ரெண்டு பேரா, கூட்டமே துரத்துது, இவர் எல்லாருக்கும் பின்னாடி மூச்சு வாங்கிட்டு ஓடறார், வலை போட்டுக் காத்தைப் பிடிக்கற வேலை இது, நான் விட்டுட்டேன், வேணும்னா நீங்க ஓடிப் பாருங்கங்கறார். கழுத்துல வைரத்துல அதே எழுத்து, என்னைத் தொடாதே, நான் சீசருடையவள். ஆனா இங்க சுதந்திரமா விட்டிருக்கார்ங்கற பேச்சே இல்ல, இங்க சீசர்னா சொந்தக்காரன், ராஜா. அந்த மான், பின்னாடி ஹென்றிக்கு ராணியான ஆன் போலின்தான்னு ரொம்ப பேர் சொல்றாங்க, நிரூபிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா 1536 மே மாசம் ஆன் போலினோட சேத்து சந்தேகப்பட்ட ஆளுங்களைப் பிடிச்சப்ப வயட்டையும் லண்டன் டவர்ல போட்டாங்க, 17ஆம் தேதி அஞ்சு பேர் தலை போச்சு, 19ஆம் தேதி ராணி தலை போச்சு, மணிக்கூண்டுல இருந்து நான் பாத்தது ராத்திரி பகலா தலைக்குள்ள நிக்குதுன்னு இன்னொரு பாட்டுல எழுதறார். இவர் தப்பிச்சு வெளிய வந்தார்.

அப்படிப்பட்ட அரசவையில ஒருத்தன் மனசுல பட்டதை மனம்போல எப்படி எழுதுவான் சொல்லுங்க? மொழிபெயர்ப்புன்னு சொல்லிக்கலாம், இது நான் சொன்னதில்ல, பெட்ரார்க் சொன்னதுன்னு கையைக் காட்டிக்கலாம். பழைய கட்டு அவங்களுக்கு விலங்கு இல்ல, கேடயம்.

பெண் கவிஞர்கள் பத்தி ஒரு வார்த்தை இல்ல உங்க கட்டுரையில. ரெண்டு பக்கத்துலயும் பெண்ணுன்னு வந்தது மோனா லிசா மட்டும்தான், அவங்களும் வாயைத் திறக்கல. வெனிஸ்ல கஸ்பாரா ஸ்டாம்பான்னு ஒரு கவிஞர், சின்ன வயசுலயே 1554ல போயிட்டாங்க, அதே வருஷம் அவங்க தங்கச்சியோ அக்காவோ, கஸாண்ட்ரா, எல்லாப் பாட்டையும் சேத்து வெளியிட்டாங்க. பெட்ரார்க் தன் முதல் பாட்டுல என்ன சொல்வார்னா, என் சிதறின பாட்டைக் கேக்கறவங்களே, சின்ன வயசுல தப்புப் பண்ணிட்டேன், இரக்கப்படுங்க, மன்னிச்சுடுங்க, எனக்கே வெக்கமா இருக்குன்னு. ஸ்டாம்பா அதே மாதிரியே ஆரம்பிக்கறாங்க, கிட்டத்தட்ட அதே வார்த்தைகள், என் பாட்டைக் கேக்கறவங்களே, ஆனா மன்னிப்போட நிக்கல, எனக்குப் புகழ் வேணும், இப்படி ஒரு காதல் நமக்குக் கிடைக்கலையேன்னு மத்த பொண்ணுங்க பொறாமைப்படணுங்கறாங்க! லியோன்ல கயிறு திரிக்கற குடும்பத்துப் பொண்ணு லூயிஸ் லாபே, கட்டிக்கிட்டதும் கயிறு வியாபாரியைத்தான், ஊரே அழகான கயித்துக்காரின்னு கூப்பிட்டது, 1555ல புத்தகம் போடறாங்க, மொத்தமே 24 சானட், முதலாவது இத்தாலியன்ல, அதோட முன்னுரையில பொம்பளைங்க மனசை நூல் நூக்கற கதிருக்கு மேல கொஞ்சம் தூக்கிப் பாக்கணும்னு கேட்டுக்கறாங்க. அதை நீங்க ஒரு பெட்டிச் செய்தியா போட்டிருக்கலாம், கதீட்ரல் கூரைக்குக் கொடுத்த இடத்துல பாதி போதும்.

மைக்கேலாஞ்சலோவுக்கு அரைப் பக்கம் கொடுத்தீங்களே, அவரே சுமார் 300 பாட்டு எழுதின கவிஞர்ங்கறது அதுல இல்ல. சிஸ்டைன் கூரை வரையறப்ப நண்பருக்கு ஒரு கிண்டல் பாட்டு எழுதியிருக்கார், கழுத்துல கழலை வந்துடுச்சு, தாடி வானத்தைப் பாக்குது, பிரஷ்ல இருந்து சொட்டிச் சொட்டி மூஞ்சி பூரா கோலம், கடைசியில நான் ஓவியனே இல்லப்பான்னு முடிக்கறார். சானட்டுக்கு 14 வரி, அவருக்குப் புலம்பல் 14ல அடங்கல, அதுக்கும் வழி இருக்கு, வால் வெச்ச சானட்டுன்னு இத்தாலியில ஒரு வகை, அதுல எழுதினார். கட்டை உடைக்கல பாருங்க, வால் வெச்ச கட்டாத் தேடி எடுத்துக்கிட்டார். இன்னொண்ணு, தொம்மாசோ காவலியேரிங்கற இளைஞனுக்கு அவர் நிறைய காதல் பாட்டு எழுதினார், 1623ல அண்ணன் தம்பி வழிப் பேரன் புத்தகமா போடறப்ப 'அவன்'னு இருந்ததையெல்லாம் 'அவள்'னு மாத்திப் போட்டுட்டான், நிஜப் பாடம் வெளிய வந்தது 1863லதான்.

புரவலர் விஷயம் நமக்குப் புதுசில்ல, புலவர் பரிசிலுக்கு நடந்த கதையெல்லாம் கேட்டு வளந்தவங்கதானே நாம. அரியோஸ்டோ ஒர்லாண்டோ ஃப்யூரியோசோங்கற பெரிய காவியத்தை 1516ல கார்டினல் இப்போலிட்டோவுக்குச் சமர்ப்பணம் பண்ணினா, இவ்வளவு அபத்தத்தையும் எங்கய்யா பிடிச்சேன்னு கார்டினல் கேட்டதா ஒரு கதை உண்டு. ஆனா டாஸோ கதைதான் மனசைப் பிசையும். ஜெருசலேம் மீட்பு பத்தின காவியத்தை முடிச்சுட்டு, சர்ச் தப்பு சொல்லுமோ, வாசகர் தப்பு சொல்லுவாங்களோன்னு பயந்து பயந்து ஊர் ஊரா கருத்து கேட்டு அனுப்பறார், மனநிலை கெட்டுப் போகுது, ஃபெராரா டியூக் 1579ல அவரை ஒரு ஆஸ்பத்திரியில அடைச்சு வெச்சுடறார், ஏழு வருஷம். அவர் உள்ள இருக்கறப்பவே புத்தகம் அவர் சம்மதம் இல்லாம அச்சாகி ஐரோப்பா பூரா பேர் வாங்குது. வெளிய வந்தப்புறம் அதையே திருத்தி வேற பேர்ல 1593ல போட்டார், எல்லாருக்கும் திருப்தியா, ஒரு குத்தம் சொல்ல முடியாதபடி, அதை யாரும் படிக்கல. கடைசியில பெட்ரார்க்குக்குச் சூட்டின அதே குன்றுல மகுடம் சூட்டறோம்னு ரோமுக்குக் கூப்பிட்டாங்க, விழா நடக்கறதுக்குள்ள 1595 ஏப்ரல் 25ல போயிட்டார்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு, சொல்லாம விட மனசு வரல. போர்ச்சுகீசியக் கவிஞர் கமோயன்ஸ் 1572ல வெளியிட்ட காவியம் வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டைக்கு வந்த பயணம் பத்தினது, அதுல பத்தாவது காண்டத்துல மயிலாப்பூர் வருது சார், மெலியாப்பூர்னு. யானைகளே இழுக்க முடியாத பெரிய மரத்தை செயின்ட் தாமஸ் இடுப்புக் கயித்தைக் கட்டி இழுத்துட்டுப் போறார். நம்ம பத்திரிகையில மறுமலர்ச்சி பத்தி எழுதறப்ப இது எப்படி விட்டுப் போச்சுன்னு எனக்குப் புரியல.

கடைசியா ஒரு அச்சுப் பிழை. ஷேக்ஸ்பியர் 145 சானட் எழுதினார்னு போட்டிருக்கீங்க, 1609ல வந்த தொகுப்புல 154. எண்ணு இடம் மாறியிருக்கு, அடுத்த வாரம் திருத்தம் போட்டுடுங்க. அப்படியே அந்த 145ஆவது சானட்டையும் ஒரு தடவை பாருங்க, மத்ததுல வரிக்குப் பத்து அசை, இதுல மட்டும் எட்டு, பாட்டும் கொஞ்சம் சின்னப் பையன் எழுதின மாதிரி இருக்கும், அதுல 'ஹேட் அவே'ன்னு ஒரு இடம் வருது, அவர் 18 வயசுல கட்டிக்கிட்ட ஆன் ஹாத்தவே பேரை அங்க ஒளிச்சு வெச்சிருக்கார்னு 1971ல ஒரு ஆய்வாளர் சொன்னார். அது நிஜமா இருந்தா, 154லயும் உங்க கட்டுரை சொல்ற மாதிரி மனசுல பட்டதை எழுதின பாட்டுன்னு அந்த ஒண்ணைச் சொல்லலாம், அதையும் சிலேடையாத்தான் எழுதியிருக்கார்.

இப்படிக்கு,
ஞாயிறு இணைப்பை விடாம படிக்கும் ஒரு வாசகர்